கையெழுத்துக்கு முன்னால் வந்து சேருங்கள்: நிறுவனத்துக்குள் வக்கீலாகச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீதிமன்றத்திலிருந்தோ சட்ட அலுவலகத்திலிருந்தோ விலகி, ஒரு நிறுவனத்தின் லீகல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னிடம் பேசவரும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: "ஒரு விஷயம் உங்கள் மேசைக்கு எப்போது வந்து சேருகிறது?"

பதில் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். விலை பேசியாகிவிட்டது, தேதி குறித்தாகிவிட்டது, இரு தரப்புத் தலைவர்களும் கைகுலுக்கியாகிவிட்டது. நாளைக் காலை கையெழுத்து. இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு லீகலுக்கு மெயில் வருகிறது. அந்த நேரத்தில் வக்கீலால் இரண்டே காரியம்தான் செய்ய முடியும். கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லலாம், இல்லையென்றால் குறுக்கே நிற்கலாம். இரண்டுமே நிறுவனத்தின் திட்டத்துக்கு உதவாது. எந்தச் சந்தைக்குப் போவது, யாரோடு சேருவது, எதை விற்பது, எதை விடுவது என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் சட்டம் தெரிந்த ஒருவர் அங்கே தேவைப்பட்டார்.

அந்த நாட்களுக்குள் நீங்கள் எப்படிப் போய்ச் சேருவது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்த வேலையின் அடிப்படை பெரும்பாலும் எங்கும் ஒன்றுதான்.

முதல் படி: உங்கள் கட்சிக்காரர் யார்?

சுலபமான கேள்வி மாதிரி தெரியும். வெளியில் தொழில் செய்தபோது கட்டணம் கொடுத்தவர் கட்சிக்காரர். இங்கே சம்பளம் கொடுப்பது நிறுவனம், வேலை சொல்வது ஒரு மேலதிகாரி. உங்கள் கட்சிக்காரர் அந்த மேலதிகாரி இல்லை, நிறுவனம்தான். பெரும்பாலான நாட்கள் இருவரும் ஒரே பக்கம் இருப்பார்கள், அதனால் வித்தியாசம் தெரியாது. விற்பனை இலக்கை எட்ட ஒரு தலைவர் ஆபத்தான வாக்குறுதியில் கையெழுத்திடப் போகும் நாளில் தெரியும். சேர்ந்த முதல் வாரத்திலேயே இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இதையே கடைசியில் இன்னொரு இடத்தில் திரும்பத் தொடுகிறேன்.

இரண்டாம் படி: முதல் மாதம் கணக்கைப் படியுங்கள்

சட்டப் புத்தகம் எங்கும் போய்விடாது. முதல் மாதத்தில் நிறுவனத்தின் ஆண்டறிக்கை, வரவு செலவுக் கணக்கு, இயக்குநர் குழுவுக்குப் போன கடைசி மூன்று நான்கு அறிக்கைகள், இவற்றை வாங்கி உட்கார்ந்து படியுங்கள். புரியாத இடங்களில் நிதித் துறையில் ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள். "சார், எனக்கு இந்த வரி புரியவில்லை, பத்து நிமிடம் கிடைக்குமா?" என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. கேட்கிற வக்கீல்கள் குறைவாக இருப்பதால், கேட்டவரை அவர்கள் மறக்கவும் மாட்டார்கள்.

நீங்கள் தேட வேண்டியவை சில. பணம் எங்கிருந்து வருகிறது? வருவாயில் பெரும்பங்கு ஒன்றிரண்டு வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறதா? அவர்களுடைய ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது? விற்பனை ஏறினாலும் லாபம் ஏறாமல் இருப்பது எந்தப் பொருளில்? ஒரே ஒரு சப்ளையரை நம்பி நிற்கும் பாகம் எது? எந்த உரிமம் போனால் மறுநாளே கதவை மூட வேண்டியிருக்கும்?

கணக்கு தெரிந்தால் ஒப்பந்தத்தைப் படிக்கும் கண்ணே மாறிவிடும். ஒரு உதாரணம் சொல்கிறேன். பணம் செலுத்தும் கெடுவை 30 நாளிலிருந்து 90 நாளாக மாற்றச் சொல்கிறார் வாடிக்கையாளர். சட்டப்படி அதில் எந்தக் குறையும் இல்லை, புதிய வக்கீல் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். கணக்கு தெரிந்தவர் அங்கே நிற்பார். மாதாமாதம் ஒரே அளவு விற்கும் நிறுவனத்தில் கெடு 60 நாள் நீண்டால், அந்த வாடிக்கையாளரின் இரண்டு மாத விற்பனைப் பணம் எப்போதும் வெளியில் நிற்கும். அதை ஈடுகட்டக் கடன் வாங்க வேண்டும், வட்டி கட்ட வேண்டும். இழப்பீட்டுப் பிரிவில் மூன்று நாள் வாதாடி மிச்சப்படுத்தியதைவிட இந்த ஒரு வரியில் அதிகம் போயிருக்கும்.

மூன்றாம் படி: பேச்சு தொடங்கும் இடத்தில் இருங்கள்

அழைப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம். விற்பனைக் குழுவின் வாராந்தரக் கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். முதல் நான்கு கூட்டங்களில் வாயைத் திறக்க வேண்டாம். வாடிக்கையாளர் குறைகள் வந்து சேரும் இடத்தில் ஒரு நாள் செலவிடுங்கள். பொருள் தயாராகும் இடம் என்று ஒன்று இருந்தால் அங்கே போய்ப் பாருங்கள். எதை விற்கிறோம் என்று கையால் தொட்டுப் பார்த்தவர் எழுதும் உத்தரவாதப் பிரிவுக்கும், பார்க்காதவர் எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

ஏன் இவ்வளவு முன்னால் போக வேண்டும்? சில விஷயங்களில் பின்னால் வந்து திருத்தவே முடியாது என்பதுதான் காரணம். தனிப்பட்ட தரவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 25-ஆம் பிரிவு, பொருளை வடிவமைக்கும்போதே தரவுப் பாதுகாப்பை உள்ளே வைக்கச் சொல்கிறது. தரவு கசிந்தால், மக்களின் உரிமைகளுக்கு ஆபத்து வர வாய்ப்பில்லாத கசிவைத் தவிர, தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் மேற்பார்வை அமைப்புக்குச் சொல்ல வேண்டும். கடுமையான மீறலுக்கு அபராதம் 2 கோடி யூரோ வரை, அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம் வரை, இதில் எது அதிகமோ அது. இப்போது யோசியுங்கள். ஒரு செயலியை ஒன்றரை வருடம் கட்டி முடித்து, வெளியிடுவதற்கு முந்தின வாரம் "பயனர் கேட்டால் அவர் தரவை அழிக்க முடியுமா?" என்று வக்கீல் கேட்டால், பொறியாளர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். அதே கேள்வியை முதல் வரைபடம் போட்ட நாளில் கேட்டிருந்தால் ஓர் அரை நாள் வேலை.

நான்காம் படி: பதிலை முடிவெடுப்பவருக்கு எழுதுங்கள்

இந்தப் படியில்தான் நானே அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். சேர்ந்த முதல் வருடம், ஒரு விநியோக ஏற்பாட்டைப் பற்றிக் கருத்துக் கேட்டார் விற்பனைத் தலைவர். இரண்டு நாள் கண்விழித்துப் பதினான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். தீர்ப்புகள், விதிவிலக்குகள், விதிவிலக்குக்கு விதிவிலக்குகள், எல்லாம் இருந்தன. அவர் போனில் அழைத்து, "எல்லாம் சரிங்க, பண்ணலாமா வேண்டாமா?" என்றார். அந்தப் பதினான்கு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. நிறுவனம் அந்த ஏற்பாட்டைச் செய்தது, என் பக்கங்களை யாரும் படிக்கவில்லை, நான் ஓரத்தில் சுட்டிக்காட்டியிருந்த பிரச்சினையே எட்டு மாதம் கழித்து வந்தது. எனக்குத் தெரிந்திருந்தது, ஆனால் தெரிந்ததை அவர் கையில் கொடுக்கத் தெரியவில்லை.

அதற்கப்புறம் நான் பின்பற்றும் வடிவம் ஒரு பக்கத்துக்குள் அடங்குவது. மேலே முதல் வரியில் பதில்: செய்யலாம், இந்த மாற்றத்தோடு செய்யலாம், அல்லது வேண்டாம். அடுத்து, இரண்டு அல்லது மூன்று வழிகள். ஒவ்வொரு வழிக்கும் நான்கு விஷயம் எழுதுவேன்: என்ன கிடைக்கும், என்ன தவறாகப் போகலாம், அது நடக்க எவ்வளவு வாய்ப்பு, பிறகு மனம் மாறினால் திரும்பி வர முடியுமா. அப்புறம், இவற்றில் நான் எதைத் தேர்ந்தெடுப்பேன், ஏன். கடைசியாக, இந்த முடிவை யார் எடுக்க வேண்டும். சட்ட ஆராய்ச்சி பின்னிணைப்பாக இருக்கட்டும், வேண்டியவர் படிப்பார்.

இதில் "திரும்பி வர முடியுமா" என்ற கேள்விக்கு நான் தனி இடம் கொடுப்பேன். மூன்று மாத அவகாசத்தில் விலகிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் கொஞ்சம் துணிந்து இறங்கலாம். பத்து வருடத்துக்கு ஒருவருக்கே ஏகபோக உரிமை கொடுக்கும் ஏற்பாடு என்றால், எல்லோரும் அவசரப்பட்டாலும் நீங்கள் நிதானப்படுத்த வேண்டும்.

நான் தேர்ந்தெடுக்கும் வழி இது என்று எழுதப் புதியவர்கள் பயப்படுவார்கள். தவறாகிப்போனால் பழி வருமே என்ற பயம். வரத்தான் செய்யும். பரிந்துரை சொல்லாமல் ஆபத்துகளை மட்டும் அடுக்கி அனுப்பும் வக்கீலை அடுத்த முறை யாரும் முன்கூட்டியே கூப்பிட மாட்டார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: ஆபத்துகளை ஒரே தராசில் நிறுக்காதீர்கள்

வணிகம் என்றால் ஆபத்து இருக்கும். ஒரு வழக்கில் தோற்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று, தோற்றால் போகும் தொகை இவ்வளவு என்று பெருக்கிப் பார்த்து, கிடைக்கும் லாபத்தோடு ஒப்பிட்டு முடிவெடுப்பது தவறே இல்லை. அப்படிப் பெருக்கிக் காட்டத் தெரிந்த வக்கீலை நிதித் துறை கொண்டாடும்.

ஆனால் இந்தப் பெருக்கலுக்குள் வரக்கூடாதவை உண்டு. மனித உயிர், குற்றவியல் பொறுப்பு, லஞ்சம், தொழில் உரிமத்தையே இழக்கச் செய்யும் மீறல், போட்டியாளரோடு விலை பேசிக்கொள்வது. இவற்றில் "வாய்ப்பு குறைவு" என்பது ஒரு பதிலே இல்லை. இந்தப் பட்டியலை நிறுவனத் தலைமையோடு உட்கார்ந்து முன்கூட்டியே, எந்தப் பேரமும் நடக்காத ஒரு சாதாரண நாளில் ஒப்புக்கொள்ளுங்கள். பேரம் சூடாக இருக்கும் நாளில் இந்தக் கோட்டைப் போட முடியாது.

சில சட்டங்கள் முன்கூட்டிய தயாரிப்புக்கே பலன் தருகின்றன. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு லஞ்சச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, நிறுவனத்துக்காக வேலை செய்பவர் லஞ்சம் கொடுத்தால் அதைத் தடுக்கத் தவறியதற்காக நிறுவனத்தையே குற்றவாளியாக்குகிறது. தடுப்பதற்குப் போதுமான நடைமுறைகள் இருந்தன என்று நிறுவனம் நிரூபித்தால் தப்பலாம். அதாவது, யாரும் படிக்க விரும்பாத அந்தப் பயிற்சிப் பதிவேடும் முகவர் பின்புலச் சரிபார்ப்புக் கோப்பும்தான் பிற்பாடு நிறுவனத்தின் எதிர்வாதம். வெளிநாட்டு முகவர்களை நம்பிப் புதிய சந்தைக்குப் போகத் திட்டமிடும்போது இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: திட்டத்தைக் கட்டிப்போடும் பிரிவுகளைக் கண்டுபிடியுங்கள்

புதிதாகச் சேர்ந்தவர் நிறுவனத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளில் இது ஒன்று என்று நான் நம்புகிறேன். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஏற்கெனவே கையெழுத்தான பெரிய ஒப்பந்தங்கள் ஒரு இருபதை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கப் படிக்க வேண்டாம். ஐந்து விஷயங்களை மட்டும் தேடி ஓர் அட்டவணையில் எழுதுங்கள்.

ஒன்று, ஏகபோகப் பிரிவு. "இந்தப் பகுதியில் உங்களைத் தவிர வேறு யாருக்கும் விற்க மாட்டோம்" என்று எப்போதோ ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். எழுதிக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார். இப்போது அதே பகுதிக்கு இணைய வழி விற்பனையைக் கொண்டுபோகத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கும்.

இரண்டு, சலுகை விலை வாக்குறுதி. வேறு யாருக்காவது குறைந்த விலை கொடுத்தால் எங்களுக்கும் அதே விலை தர வேண்டும் என்று ஒரு பெரிய வாடிக்கையாளர் வாங்கி வைத்திருப்பார். புதிய சந்தையில் நுழைய விலையைக் குறைக்கலாம் என்று விற்பனைப் பிரிவு யோசித்தால், அந்தக் குறைப்பின் உண்மைச் செலவு அவர்கள் போட்ட கணக்கைவிடப் பல மடங்காக இருக்கும்.

மூன்று, உரிமை மாற்றப் பிரிவு. நிறுவனத்தின் பங்குகள் கைமாறினால் எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்பது. முதலீட்டாளரைச் சேர்க்கவோ நிறுவனத்தை விற்கவோ எண்ணம் இருந்தால், வாங்க வருபவரின் வக்கீல்கள் முதல் வாரத்தில் தேடுவது இதைத்தான். அவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் உங்கள் தலைமைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது, தானாகவே புதுப்பிக்கும் பிரிவும் அதன் நோட்டீஸ் தேதியும். ஐந்தாவது, பொறுப்பு வரம்பு. நம் பக்கம் தவறு நடந்தால் அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும், எதற்கெல்லாம் வரம்பே இல்லை என்று எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். கூடவே நிறுவனத்தின் காப்பீட்டுப் பாலிசியையும் வாங்கிப் பாருங்கள். பாலிசி எவ்வளவு வரை தாங்கும் என்று தெரியாமல் பொறுப்பு வரம்பைப் பேசுவது, ஆழம் பார்க்காமல் ஆற்றில் காலை விடுவது போலத்தான்.

இந்த ஒரு பக்க அட்டவணையைத் தலைமைக்குக் கொடுங்கள். இதற்கு முன் லீகலை அழைக்காதவர்களும் அடுத்த திட்டக் கூட்டத்துக்கு உங்களை அழைத்துவிடுவார்கள்.

எல்லை தாண்டிய ஒப்பந்தம் என்றால் இன்னும் இரண்டு விஷயம். தகராறு வந்தால் எங்கே தீர்ப்பது என்ற பிரிவைக் கடைசியில் அவசரமாக நிரப்ப வேண்டாம். 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் இருப்பதால், நடுவர் தீர்ப்பை (நீதிமன்றத்துக்கு வெளியே, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் தருவது) இன்னொரு நாட்டில் நிறைவேற்றுவது, ஒரு நாட்டு நீதிமன்றத் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்றுவதைவிடப் பெரும்பாலும் எளிது. எதிர்த்தரப்பின் சொத்து எந்த நாட்டில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், பிறகு பிரிவை எழுதுங்கள். அடுத்து, பொருள் விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு நாட்டின் சட்டம் பொருந்தும் என்று மட்டும் எழுதினால், நாடுகளுக்கிடையிலான பொருள் விற்பனைக்கான 1980-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் அந்த நாடு இருக்கும் பட்சத்தில் அதுவும் சேர்ந்து பொருந்திவிடலாம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

ஏழாம் படி: சின்ன வேலைகளுக்குப் பாதை போடுங்கள்

திட்டக் கூட்டத்தில் உட்கார நேரம் வேண்டுமே? நாள் முழுவதும் ரகசியக் காப்பு ஒப்பந்தங்களைத் திருத்திக்கொண்டிருந்தால் நேரம் எங்கிருந்து வரும்? அடிக்கடி வரும் ஒப்பந்த வகைகளுக்கு ஒரு மாதிரிப் படிவமும், ஒரு பேச்சுக் கையேடும் எழுதுங்கள். கையேட்டில் ஒவ்வொரு முக்கியப் பிரிவுக்கும் மூன்று வரி போதும்: நாம் விரும்புவது, நாம் ஏற்கக்கூடியது, இதற்குமேல் போனால் லீகலைக் கேட்க வேண்டியது. முதல் இரண்டுக்குள் முடிந்தால் விற்பனைப் பிரிவே முடித்துக்கொள்ளட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எந்தப் பிரிவில் எல்லோரும் முட்டிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் ஒரே பிரிவை மாற்றச் சொல்கிறார்கள் என்றால் மாற்ற வேண்டியது நம் படிவத்தை.

எட்டாம் படி: அறிவுச் சொத்தைச் சந்தைத் திட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள்

கோடாக் நிறுவனம் 1976-இல் உடனடிப் படம் தரும் கேமராக்களோடு அந்தச் சந்தையில் இறங்கியது. சில நாட்களிலேயே போலராய்டு காப்புரிமை வழக்குப் போட்டது. வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. 1985-இல் தீர்ப்பு கோடாக்குக்கு எதிராக வர, 1986 ஜனவரியில் அது அந்தத் தொழிலையே விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. விற்ற கேமராக்களுக்குப் பிலிம் கொடுக்க முடியாத நிலை. கடைசியில் 1991-இல் 92.5 கோடி டாலர் கொடுத்து விஷயம் முடிந்தது. எந்தச் சந்தையில் நிற்கலாம் என்ற கேள்விக்குக் காப்புரிமை எப்படி விடை சொல்லிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆகவே புதிய பொருள் பற்றிய பேச்சு எழும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். அடுத்தவர் காப்புரிமை இதில் எங்கே குறுக்கே வருகிறது? நாம் கண்டுபிடித்ததில் எதைக் காப்புரிமையாகப் பதிவது, எதை வணிக ரகசியமாக வைத்துக்கொள்வது? வெளியாட்களைக் கொண்டு எழுதவைத்த மென்பொருளும் வடிவமைப்பும் நம் பெயருக்கு எழுத்து மூலம் மாற்றப்பட்டிருக்கின்றனவா? மூன்றாவதில்தான் நிறைய நிறுவனங்கள் சறுக்குகின்றன. பணம் கொடுத்துவிட்டதால் உரிமையும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல நாடுகளில் அப்படித் தானாக வந்துவிடாது.

ஒன்பதாம் படி: லீகலுக்கு மட்டும் தெரியும் விஷயங்களைக் கோர்த்துப் பாருங்கள்

குறைகள், நோட்டீஸ்கள், இழப்பீட்டுக் கோரிக்கைகள், ஊழியர் புகார்கள், எல்லாம் கடைசியில் ஒரே இடத்துக்கு வருகின்றன. அந்த இடம் நீங்கள். நிறுவனத்தில் வேறு யாருக்கும் இந்தக் காட்சி கிடைக்காது. கோப்பைக் கோப்பாக மட்டும் பார்த்து முடித்துவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு துயரமான சாட்சி இருக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி ஸ்விட்ச் நழுவி எஞ்சின் நின்றுவிடும், விபத்து நேரத்தில் காற்றுப் பை திறக்காது, இதுதான் குறை. இழப்பீட்டு நிதி 124 மரணங்களை இதோடு தொடர்புடையவை என்று ஏற்றுக்கொண்டது. நிறுவனம் நியமித்த உள் விசாரணையின் அறிக்கை வெளிவந்தபோது தெரிந்தது என்னவென்றால், நிறுவனத்துக்குள் பத்து வருடங்களுக்கு மேலாக இந்த ஸ்விட்ச் பற்றிய தகவல் துண்டு துண்டாக இருந்தது. சட்டப் பிரிவில் இருந்தவர்கள் வழக்குகளைத் தனித்தனியாகச் சமரசம் செய்து முடித்துக்கொண்டிருந்தார்கள். தலைமை வக்கீலுக்கு விஷயம் 2014 வரை போய்ச் சேரவில்லை. 15 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள், அவர்களில் சட்டப் பிரிவைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

இதை நான் படித்த நாளிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கோரிக்கைகளையும் தொகை வாரியாக அடுக்காமல், காரண வாரியாக அடுக்குவேன். தொகை சிறியது என்பதால் மேலே போகாத விஷயங்களில் ஒரே காரணம் மூன்று தடவை தென்பட்டால், பொருள் தயாரிக்கும் பிரிவின் தலைவரிடம் நேரே போய்ப் பேசுவேன். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் ஒரு தடவையே போதும். நீங்களும் முதல் காலாண்டிலேயே இதைத் தொடங்கிவிடுங்கள்.

பத்தாம் படி: எது ரகசியம், எது இல்லை?

வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சு காக்கப்படும் என்று படித்திருப்போம். நிறுவனத்துக்குள் வந்தபின் அதை அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 1981-இல் அப்ஜான் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிறுவன வக்கீல் ஊழியர்களோடு சட்ட ஆலோசனைக்காகப் பேசியதற்குப் பாதுகாப்பு உண்டு என்றது. அந்தப் பாதுகாப்பு நிறுவனத்துடையது, பேசிய ஊழியருடையது இல்லை. அதனால்தான் விசாரணையைத் தொடங்குமுன் "நான் நிறுவனத்தின் வக்கீல், உங்கள் வக்கீல் இல்லை" என்று ஊழியரிடம் சொல்லும் வழக்கம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்ட விசாரணைகளில் நிலைமை நேர் எதிர். 2010-இல் அக்ஸோ நோபல் வழக்கில், நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் வக்கீலின் கடிதங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியாவில், முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்தவர் அந்த வேலையில் இருக்கும்வரை வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது என்று பார் கவுன்சில் விதி 49 சொல்கிறது. வழக்கறிஞருக்குரிய முழுப் பாதுகாப்பும் அவருக்குக் கிடைக்காது.

திட்டக் கூட்டத்துக்குள் போகப் போக இந்தச் சிக்கல் கூடும். வணிக யோசனையும் சட்ட யோசனையும் ஒரே மெயிலில் கலந்தால், பாதுகாப்பு உள்ள நாட்டில்கூட அது நழுவலாம். சட்டக் கருத்தைத் தனியாக எழுதுங்கள், வேண்டியவருக்கு மட்டும் அனுப்புங்கள். மிக நுட்பமான விஷயத்துக்கு வெளி வக்கீலைக் கொண்டு எழுதவையுங்கள்.

வெளி வக்கீல்களைப் பற்றி ஒரு வார்த்தை. விஷயத்தைத் தூக்கி அவர்களிடம் போட்டுவிட்டு, அவர்கள் தந்த கருத்தை அப்படியே தலைமைக்கு அனுப்புவது தபால்காரர் வேலை. நிறுவனம் எதற்காகக் கேட்கிறது, எந்தத் தேதிக்குள் வேண்டும், எந்த வழி ஏற்கெனவே அடைபட்டது, இவற்றை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வரும் பதிலை நான்காம் படியில் சொன்ன ஒரு பக்கமாக மாற்ற வேண்டியது நீங்கள்.

பதினோராம் படி: வேண்டாம் என்று சொல்லும் நாள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தால் உங்களைத் தலைமைக்குப் பிடித்துப்போகும். அங்கே ஓர் ஆபத்து உண்டு. உள்ளே இருப்பவரில் ஒருவராகிவிட்ட பிறகு, மறுத்துப் பேச நாக்கு எழாது. முதல் படியில் கட்சிக்காரர் யார் என்று கேட்டது இந்த நாளுக்காகத்தான்.

மறுக்க வேண்டியபோது கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தொடங்க வேண்டாம். முதலில் தனியாகப் போய்ப் பேசுங்கள். "சார், இதை இந்த வடிவத்தில் என்னால் ஆதரிக்க முடியாது. உங்களுக்கு வேண்டிய பலனுக்கு வேறு வழி இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் எழுத்தில் கொடுங்கள். அப்போதும் கேட்கவில்லை, விஷயம் ஐந்தாம் படியில் சொன்ன கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்றால், அடுத்த மேல்நிலைக்குப் போங்கள், தேவைப்பட்டால் இயக்குநர் குழு வரைக்கும். அமெரிக்காவில் இது தனிப்பட்ட துணிச்சலைப் பொறுத்ததாக விடப்படவில்லை. கணக்கு மோசடியில் விழுந்த என்ரான் போன்ற நிறுவனங்களின் வீழ்ச்சிகளுக்குப் பின் 2002-இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டமும் அதன் கீழ் 2003-இல் வந்த விதிகளும், பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் நிறுவனத்துக்காகச் செயல்படும் வக்கீல்கள் கடுமையான மீறலின் சான்றைக் கண்டால் தலைமை வக்கீலிடமோ தலைமை நிர்வாகியிடமோ சொல்ல வேண்டும், உரிய பதில் வராவிட்டால் இயக்குநர் குழுவுக்கோ அதன் தணிக்கைக் குழுவுக்கோ கொண்டுபோக வேண்டும் என்கின்றன.

இதற்கான வழியை வேலையில் சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கைக் குழுவின் தலைவரோடு, நிர்வாகிகள் யாரும் இல்லாமல், வருடத்தில் இரண்டு தடவையாவது பேசும் வாய்ப்பு லீகலுக்கு இருக்கிறதா? இல்லை என்றால் ஏற்படுத்தித் தரச் சொல்லுங்கள். சும்மா இருக்கும் காலத்தில் அந்தச் சந்திப்புகள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கடைசிப் படி: உங்கள் ஆலோசனையைத் திரும்பப் படியுங்கள்

நீங்கள் எழுதும் ஒரு பக்கக் குறிப்புகளைத் தேதி போட்டு ஒரு கோப்பில் வைத்துக்கொண்டே வாருங்கள். வருடத்துக்கு இரண்டு முறை அதைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். வரும் என்று சொன்ன ஆபத்து வந்ததா? "வாய்ப்பு குறைவு" என்று எழுதியது நடந்துவிட்டதா? என் குறிப்புகளைப் பார்த்தபோது, தகராறு வரும் என்று நான் அடிக்கடி பயமுறுத்தியிருந்ததும், எதிர்த்தரப்பு நேரத்துக்குப் பொருள் தராமல் போகும் என்பதை அநேகமாக எழுதாமலே விட்டிருந்ததும் தெரிந்தது. நிறுவனத்துக்கு உண்மையில் நஷ்டம் வந்தது இரண்டாவதில்தான். அதற்குப் பிறகு நான் எழுதும் ஒவ்வொரு குறிப்பிலும், ஆபத்துகளின் வரிசையில் முதலாவதாக "பொருள் தாமதமானால்?" என்ற வரி இருக்கிறது.